பன்னிரண்டாம் துண்டின் வாய்க்கால்

அந்த வாய்க்காலை நீங்கள் வெட்டவில்லை. நீங்கள் மூடினீர்கள்.

ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் சங்கம் போட்ட மலரில் நீங்கள் எழுதிய நாலு பக்கத்தை என் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். விழுப்புரத்தில் தொழிலாளர் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் நீங்கள்தானாம். எஞ்சினுக்குப் பிடிக்கும்போது வீணாகப் போன தண்ணீரைப் பார்த்து உங்களுக்கு யோசனை தோன்றியதாம். நீங்களே முன்னால் நின்று வாய்க்கால் வெட்டினீர்களாம். பக்கத்தில் மாலை போட்ட உங்கள் படம். இரண்டு தடவை படித்தேன். எங்கள் பெயர் வேண்டாம், பன்னிரண்டாம் துண்டு என்ற வார்த்தையாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

உங்களை "நீங்கள்" என்றுதான் எழுதுகிறேன். மரியாதையால் இல்லை. அப்படியே சொல்லிப் பழகிவிட்டது. மலரைப் படித்து உங்களை மெச்சியவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுக்கு நடந்தது தெரியாது.

அறுபதுகளின் நடுவில் அரிசிக்குக் கஷ்டம். காலி நிலத்தில் எல்லாம் காய்கறி போடுங்கள் என்று ஊரெங்கும் சொன்னார்கள். விழுப்புரத்தில் தண்டவாளம் ஓடும் மண்கரைக்கும் குடியிருப்பு மதிலுக்கும் நடுவே நீளமாக ஒரு காலி இடம் கிடந்தது. அதைப் பன்னிரண்டு துண்டாக்கி, துண்டு மூன்று சென்ட் என்று, வேலையில் இருப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். தோட்டக் கமிட்டிக்கு நீங்கள் செயலாளர். சரக்கு ஆபீசில் குமாஸ்தா. கையெழுத்து அழகாக இருக்கும், மேடையில் நன்றாகப் பேசுவீர்கள். சாதி ஒழிய வேண்டும் என்று நீங்கள் பேசிய கூட்டத்தில் நானும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கை தட்டியிருக்கிறேன்.

என் புருஷனுக்கு லோகோ ஷெட்டில் சாம்பல் குழியில் வேலை. எஞ்சின் வந்து நின்றதும் அடியில் இறங்கி நெருப்பையும் சாம்பலையும் இழுத்துத் தள்ளுவார். நாங்கள் சேரியிலிருந்து வந்தவர்கள். துண்டுகளுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். பதினொரு சீட்டுத்தான் குலுக்கினார்கள். பன்னிரண்டாவது குலுக்காமலே எங்களுக்கு வந்தது. அது சாம்பல் குழியை ஒட்டிய கடைசித் துண்டு, மண்ணில் பாதி கரிக்கட்டி. "சாம்பல்காரனுக்கு சாம்பல் பக்கம். வீட்டுக்கும் வேலைக்கும் தூரமில்ல பாரு" என்று முதல் துண்டுக்காரர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். என் புருஷனும் சிரித்தார். எனக்கு அவர்மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

ஆனாலும் வாங்கிக்கொண்டோம். திண்டிவனத்துப் பக்கம் என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கியே செத்தார்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் யார் பெயரிலும் ஒரு சாண் மண் இருந்ததில்லை. இங்கே ஒரு மரப்பலகையில் என் புருஷன் பெயரை எழுதி நட்டிருந்தார்கள். சொந்தம் இல்லை, அரசாங்கத்து இடம்தான், தெரியும். இருந்தும் அந்தப் பலகையை நான் ஈரத் துணியால் துடைப்பேன். அந்தப் பலகை அங்கே நிற்க வேண்டும். எனக்கு அப்போது வேறு ஆசை இல்லை.

பலகை நிற்க ஒரு நிபந்தனை இருந்தது. அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் பாதிக்கு மேல் காய்ந்து கிடந்தால் துண்டைப் பிடுங்கி வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே எல்லாம் தண்ணீரில் இருந்தது. கிணறோ முதல் துண்டின் பக்கத்தில். எங்கள் துண்டிலிருந்து இருநூற்று இருபது தப்படி. நாங்கள் கயிற்றைத் தொடக் கூடாது என்று யாரும் எழுதி மாட்டவில்லை. ஆனால் நான் போய்க் குடத்தை வைத்துவிட்டு நிற்பேன். மற்றவர்கள் சேந்தி முடித்த பிறகு யாராவது ஒருத்தி என் குடத்தில் எட்ட நின்று ஊற்றுவாள். சாயங்காலம் இருபது குடம் வேண்டும். பத்துக் குடத்துக்கே இருட்டிவிடும்.

சுலபமாகத் தண்ணீர் விடுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஐம்பதுகளில் திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கி எட்டாவது வரை படித்தேன். அங்கே தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வேலை. ஒருத்தி குடத்தைக் கீழே போட்டு விரிசல் விட்டுவிட்டாள். வார்டன் அடிப்பாளே என்று பயந்து அதைப் பூசணிப் பாத்தியில் கழுத்து வரை புதைத்து, சந்தேகம் வராமல் இருக்கத் தினமும் அதற்குள்ளேயே தண்ணீரைக் கொட்டினோம். மற்ற பாத்தியெல்லாம் சோர்ந்து கிடக்க, அந்தப் பூசணி மட்டும் ஆனைக் காது மாதிரி இலை விட்டது. அப்புறம் நாங்களே வேண்டுமென்று பானைகளை உடைக்க ஆரம்பித்தோம். அடி வாங்கினோம், அது வேறு.

அதையே பன்னிரண்டாம் துண்டில் செய்தேன். கழுத்து உடைந்த பானைகளைக் குயவர் தெருவில் சும்மா கொடுத்தார்கள். அடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, கிழிந்த துணியைத் திரித்து அதில் செருகி, மண்ணில் புதைத்தேன். பானையைச் சுற்றி நாலு கத்திரிச் செடி, வாய்க்கு ஒரு ஓட்டுத் துண்டு மூடி. ஒரு குடம் ஊற்றினால் மூன்று நாள் கசியும். மில்லில் கொட்டிக் கிடந்த மல்லாட்டைத் தோலை மூட்டையில் கட்டி வந்து செடி அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பினேன். வெயில் மண்ணைத் தொடவில்லை. இருபது குடம் எட்டாகக் குறைந்தது. மற்ற துண்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, செடிக்கு தோலு போர்த்தி தூங்க வெக்கிறியா?" என்றார்கள். யாரும் செய்யவில்லை.

எஞ்சின் தண்ணீரும் என் கண்ணில்தான் பட்டது. சாம்பல் குழிக்குப் பக்கத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற இரும்புத் தூண். தொட்டி நிரம்பிய பிறகும் மேலே நிற்கிறவர் சத்தம் போட்டுக் கீழே இருப்பவர் அடைப்பதற்குள் நாலைந்து குடம் கொட்டிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை எஞ்சின்! எல்லாம் ஒரு பள்ளத்தில் ஓடி நின்றது.

"ஏய்யா, அந்தத் தண்ணி எங்க போவுது?" என்று கேட்டேன்.

"எங்க போவும்? பள்ளத்துல கொசு வளத்துக்கினு கெடக்குது."

"நம்ம துண்டுக்கு இழுத்தா?"

"யாரு கேக்கறது?"

"நீதான் கேக்கணும். நானா ஷெட்டுக்குள்ள வர முடியும்?"

அவர் ஷெட் மேஸ்திரியிடம் கேட்டார். சும்மா போற தண்ணிதானே, எடுத்துக்கினு போ என்று மேஸ்திரி சொன்னார். வாயால் சொன்னார். காகிதத்தில் வாங்கி வையுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எட்டாவது படித்தவள்தான் நான். தோன்றியிருக்க வேண்டும்.

அந்தத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். அப்படியே விட்டால் செடி செத்துப்போகும். அதனால் முதலில் ஒரு குழி வெட்டினோம். தூக்கிப் போட்டிருந்த துருப்பிடித்த குழாய்த் துண்டு ஒன்றை அதன் வாய் தண்ணீருக்கு அடியில் இருக்கும்படி பதித்தோம். எண்ணெய் மேலே நின்றுவிடும், அடித் தண்ணீர் மட்டும் வெளியே வரும். அங்கிருந்து எங்கள் துண்டுக்கு வாய்க்கால். எங்கள் துண்டுதான் மேட்டில் இருந்தது. அங்கிருந்து நிலம் கிணற்றுப் பக்கம் சரிந்து போகும். அதனால் எங்கள் கடைசி வரப்பில் ஒரு தகரத்தை மடையாக வைத்தேன். அதைத் தூக்கினால் தண்ணீர் பதினொன்றுக்கும், அங்கிருந்து பத்துக்கும், அப்படியே முதல் துண்டு வரைக்கும் தானாகப் போகும். ஒருவரும் குடம் தூக்க வேண்டியதில்லை.

பதினோராம் துண்டு, வண்டிக்குத் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவருடையது. அவர் மனைவி நல்ல மாதிரி. அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

"அக்கா, மடை தொறந்து உடறேன். புடிச்சுக்கிங்க."

"வேணாம்மா. எங்க வூட்டுக்காரரு பேஜாரு பண்ணுவாரு."

"தண்ணிக்கு இன்னாக்கா?"

"தண்ணிக்கு ஒண்ணுமில்லம்மா. அது வர்ற வழிதான்."

எங்கள் துண்டு வழியாக வந்த தண்ணீர். அதுதான் குற்றம். பதினொரு வீட்டுக்காரர்களும் இடுப்பொடிய குடம் தூக்கினார்கள். அவர்கள் கண்ணெதிரே தகரத்துக்கு இந்தப் பக்கம் தண்ணீர் நிரம்பி நின்றது.

சித்திரை வந்தது. கிணறு இறங்கியது. எங்கள் கத்திரி மட்டும் பச்சையாக நின்றது. ஒரு நாள் உச்சி வெயிலில், எல்லாரும் படுத்திருந்த நேரத்தில், பாயிண்ட்ஸ்மேன் மனைவி தனியாக வந்து தகரத்தைத் தூக்குவதை வேலி ஓரத்திலிருந்து பார்த்தேன். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். நாலு நாள் அப்படி வந்தாள். அவள் சுரைக்கொடி நிமிர்ந்தது, பிஞ்சு விட்டது. ஐந்தாம் நாள் அவள் புருஷன் ஈரத்தைப் பார்த்துவிட்டான். பிஞ்சோடு கொடியை வேரோடு பிடுங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தான். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் கூட்டம் போட்டீர்கள். ஞாபகம் இருக்கும். சரக்குக் கொட்டகையில் எல்லாரும் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் வாசலில் நின்றோம். எஞ்சின் தண்ணீர் எல்லாருக்கும் வேண்டும், ஆனால் பன்னிரண்டாம் துண்டைத் தொடாமல் வர வேண்டும் என்று பேச்சு. தண்டவாளத்துக் கரையின் அடி ஓரமாக வேறு வாய்க்கால் வெட்டலாம் என்றார் முதல் துண்டுக்காரர்.

நான் சொன்னேன்: "அங்க நடுவுல மேடு இருக்குதுங்க. ஏழாம் துண்டுகிட்ட தண்ணி நின்னுடும்."

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து ஏரித் தண்ணி பாய்ச்சறவங்க நாங்க. எங்களுக்கே மேடு பள்ளம் சொல்லிக் குடுக்கிறியா நீ?"

"சொல்லிக் குடுக்கலீங்க. கண்ணால பாத்தத சொல்றேன்."

"சாம்பல் தண்ணியில காச்ச கத்திரிக்காவத் தின்னுட்டு வாய் ரொம்ப வளந்துபோச்சு."

"நீங்களும் பேசலாங்க. உங்களுது காய்க்கவே இல்லியே."

கொட்டகையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நீங்கள் எழுந்து கையை உயர்த்தினீர்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னீர்கள். வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது.

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கெடையாதும்மா. உனக்கே தெரியும். ஆனா பதினோரு பேர அணைச்சுக்கினு போறவன் நான். அவங்க மனசு கோணக்கூடாது பாரு. நீ கொஞ்சம் அனுசரிச்சுக்க."

அனுசரித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை வெட்டினீர்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு நிலத்தின் சரிவைச் சொல்லக்கூடியவர்கள், மேட்டைப் பார்த்து வாய்க்கால் வெட்டினார்கள். எங்கள் வரப்பைத் தொட்ட தண்ணீர் வேண்டாம் என்பதற்காகத் தண்ணீர் மேலே ஏறும் என்று நம்பினார்கள். ஏழாம் துண்டுக்கு எதிரே பழைய ஜல்லி தட்டியது. அதற்கு மேல் மண்வெட்டி இறங்கவில்லை. தண்ணீர் அங்கே நின்றது. நாளுக்கு நாள் நின்று ஏழாம் துண்டுக்காரரின் மிளகாய் அழுகியது. கரையின் அடி ஊறி, கை வைத்தால் உள்ளே போகிற மாதிரி ஆகிவிட்டது.

லைன் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார். கரை இளகினால் வண்டி என்ன ஆகும்? யார் வெட்டினது என்று கேட்டார்.

நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். பன்னிரண்டாம் துண்டுக்காரர் அனுமதி இல்லாமல் எஞ்சின் தண்ணீரைத் திருப்பியதால் கரைக்கு ஆபத்து ஏற்பட்டது என்று எழுதினீர்கள். ஓரத்து வாய்க்காலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மூன்று ஞாயிறு வெட்டிய பதினொரு பேரைப் பற்றியும் இல்லை. மேஸ்திரியைக் கேட்டால் தனக்கு எதுவும் தெரியாது என்றார். என் புருஷனைக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். போட்டுவிட்டு வந்தார்.

"ஏன்யா போட்ட? நாம வெட்டுன வாய்க்கால்ல ஒரு சொட்டு கரப் பக்கம் போவலியே!" என்று கத்தினேன்.

"போடலன்னா வேலைய எடுக்கச் சொல்லி மேல எழுதுவேன்னு சொல்றாரு. வேலை போயிட்டா கத்திரிக்காவ வெச்சிக்கினு இன்னாடி பண்றது?"

நான் போய் உலை வைத்தேன்.

மறுநாள் காலையில் வந்தீர்கள். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மண்வெட்டி என் புருஷன் கையில் இருந்தது. குழியை மூடச் சொன்னீர்கள், மூடினார். குழாயைப் பிடுங்கச் சொன்னீர்கள், பிடுங்கினார். கரை ஓரத்து வாய்க்காலை நீங்கள் மூடச் சொல்லவில்லை. அது தானாகக் காய்ந்து தூர்ந்தது. நான் தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "அதையும் போட்டுடும்மா" என்றீர்கள். நான் போடவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

பார்வையிட வருவதற்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. மறுபடியும் கிணறு. கோடையில் ஊற்று இறங்கியிருந்ததால் முதல் துண்டிலிருந்து வரிசையாகச் சேந்த வேண்டும் என்று புதிதாக ஒரு முறை வைத்தீர்கள். எங்கள் முறை வரும்போது வாளியில் சேறு வரும். அந்தச் சேற்றைத் துணியில் வடிகட்டிப் பானைகளில் ஊற்றினேன். சோறு வடித்த கஞ்சி, பிள்ளைகள் குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், எதையும் விடவில்லை. பிள்ளைகளைச் செடி நடுவில் நிறுத்தித்தான் குளிப்பாட்டினேன். என்னால் காப்பாற்ற முடிந்தது பானையைச் சுற்றியிருந்த செடிகளை மட்டும். மூன்றில் ஒரு பங்கு. பாதி வேண்டும்.

வந்தவர்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். நீங்கள் காகிதத்தில் குறித்தீர்கள். மற்ற துண்டுகளும் காய்ந்துதான் கிடந்தன. மூன்றாம் துண்டில் ஒரு கீரை கூட இல்லை. அங்கெல்லாம் நீங்கள் என்ன குறித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. பலகை பிடுங்கப்பட்டது எங்களுடையது ஒன்றுதான். பிடுங்கியதை ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். அடுத்த நாள் போனபோது அதுவும் இல்லை. யாரோ விறகுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

வரிசையில் அடுத்தவர் யார் என்று மலரில் நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். உங்கள் மனைவியின் தம்பி. ஷெட்டில் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர்.

மழை விட்ட பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். குழி திரும்ப வெட்டியிருந்தது. குழாய், நாங்கள் வைத்த அதே ஆழத்தில். வாய்க்கால், நாங்கள் வெட்டிய அதே தடத்தில். மடைக்குத் தகரத்துக்குப் பதில் பலகை. பன்னிரண்டிலிருந்து பதினொன்று, பத்து, ஒன்பது என்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் துண்டுக்காரர் அதில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கரைக்கு அப்போது ஆபத்து வரவில்லை. எங்கள் பானைகளும் அங்கேயே மண்ணுக்குள் இருந்தன. உங்கள் மச்சான் அதற்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தார்.

பாயிண்ட்ஸ்மேன் மனைவி என்னைப் பார்த்துவிட்டு வேலி அருகே வந்தாள்.

"இப்ப எல்லாரும் புடிச்சுக்கறாங்கம்மா," என்றாள்.

"அதே வழிதானக்கா?"

"அதே வழிதான்." தன் துண்டுப் பக்கம் கை காட்டினாள். "சுரை போட்டிருக்கேன். காய் தரேன், எடுத்துக்கினு போறியா?"

நான் வாங்கவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, இருந்தாலும் வாங்கவில்லை.

என் புருஷன் அதற்குப் பிறகு இருபது வருஷம் வேலை பார்த்தார். அந்தப் பக்கத்து மதில் ஓரமாக ஒரு நாளும் நடக்கவில்லை. சுற்றிக்கொண்டு போவார். கையெழுத்துப் போட்டதைப் பற்றி ஒரு தடவைதான் பேசினார், ஆஸ்பத்திரியில் இருந்தபோது. "படிச்சவ நீ. அன்னிக்கி என்கூட வந்திருந்தா போட்டிருக்க மாட்டேன்" என்றார். வந்திருந்தாலும் போட்டிருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு நாலு பிள்ளைகள், உங்கள் கையில் பேனா.

மூன்று சென்ட் கரிமண்ணுக்கு இத்தனை வருஷம் கழித்து இவ்வளவு பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். துண்டு போய்விட்டது, அதைத் திருப்பிக் கேட்கவில்லை. இப்போது அங்கே வேறு கட்டடம். நீங்கள் அந்த நாலு பக்கத்தை எழுதாமல் இருந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு செத்திருப்பேன். மண்ணை எடுத்துக்கொண்டீர்கள். யோசனையையும் எடுத்துக்கொண்டு அதன்மேல் உங்கள் பெயரை எழுதியிருக்கிறீர்கள். இதை விட்டுவிட முடியாது.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வருகிறது. உங்களுக்குச் சால்வை போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் வருவேன், முன்னால் உட்காருவேன். சால்வை போடுவதற்கு முன்னால் மைக்கைப் பிடித்து மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். முதல் வாய்க்காலை வெட்டியது யார்? கரையை ஊறவைத்தது எந்த வாய்க்கால், அதை வெட்டியவர்கள் யார் யார்? என் புருஷன் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருந்தது உண்மையா, பொய்யா? யாரையாவது அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். வீட்டுக்கு வந்து தனியாக மன்னிப்புக் கேட்டால் கதவைத் திறக்க மாட்டேன். எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.